மூன்று விரல் இறக்கிய கார்

பதுளையில் ஆற்றுப் பக்கம் இறங்குகிற ரோட்டில் ஒரு பழைய சாமான் கடை இருந்தது. கடை என்று சொன்னாலும் பாதிக்குத்தான் கூரை. மீதி வெட்டவெளி. கழற்றிப் போட்ட கார் கதவுகள், எண்ணெய் வழிந்த என்ஜின்கள், மழையில் துருப்பிடித்த ஸ்பிரிங்குகள் என்று குவிந்து கிடக்கும்.

அந்த ஸ்பிரிங் குவியலுக்குப் பக்கத்தில், கையில் வெள்ளை நூல் கட்டிய ஒரு கம்போடு, இடது காலை நீட்டிக்கொண்டு நான் நின்றிருந்தேன். சுற்றி ஐந்தாறு ஆண்கள். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது.

கடைக்காரர் காதர் நானா நல்ல மனுசர். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"தங்கச்சி, அந்த நூல் என்னத்துக்கு?" என்று கேட்டார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர்தான் பதில் சொன்னார்.

"அதுதாங்க அளவு. காரு சீட்டு அந்த நூல் உசரத்துக்கு வரணும்."

"காருக்குச் சட்ட தைக்கவா வந்தீக்கிறீங்க?" என்றார் நானா. எல்லாரும் சிரித்தார்கள். அந்த நூல் என் உடம்பில் எந்த இடத்து உயரம் என்று தெரிந்திருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள். நல்லவேளை, அதை யாரும் கேட்கவில்லை.

மடங்காத கால்

நான் மலையில் கொழுந்துக் கூடையோடு விழுந்த கதையைப் போன வாரம் எழுதினேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மழை நாளில் கொழுந்து நிறுவைக்கு இறங்கும்போது கால் வழுக்கி, மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தேன். முழங்கால் உடைந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தேன். எலும்பு ஒட்டிக்கொண்டது. முழங்கால் மட்டும் பிறகு மடங்கவே இல்லை. இன்றைக்கும் மடங்காது.

மடங்காத காலோடு நடக்கலாம். நிற்கலாம். உட்காருவதுதான் பாடு. பின்பக்கமாகப் போய், இடுப்புக்குச் சரியான உயரத்தில் ஏதாவது இருந்தால் அதில் சாய்ந்து உட்கார்ந்துவிடலாம். உயரம் கொஞ்சம் கூடினாலும் எட்டாது. நானோ குள்ளம்.

என் வீட்டுக்காரர் அந்தோனி, தோட்டத்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர். பிறகு பழைய ஒஸ்டின் கார் ஒன்றை வாங்கி, பசறை ஸ்டாண்டில் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, விட்டார். பெரும்பாலும் தோட்டத்து ஹயர்தான். பிள்ளைப்பேறு, காய்ச்சல், கல்யாணம், சாவு. தோட்டத்து ரோட்டில் மழைத் தண்ணீர் போவதற்காக வழிநெடுகக் குறுக்கே கான் வெட்டிக் கல் பாவியிருப்பார்கள். சாதாரணக் கார் போனால் அடி இடிக்கும். அதனால் பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்து, முன்பக்கம் தடித்த, நீளமான சுருள் ஸ்பிரிங் போட்டு, காரை உயர்த்தி வைத்திருந்தார். ஸ்டாண்டில் மற்றக் கார்களுக்கு நடுவே அது கொக்கு மாதிரி நிற்கும்.

அந்தக் கொக்கில்தான் என்னால் ஏற முடியவில்லை.

பலகைப் பெட்டி வைத்துப் பார்த்தோம். பெட்டியில் ஏறுவதற்கே கால் மடங்க வேண்டுமே. பஸ்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை.

பெரட்டுக் களத்தில்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளில் பசறைக் கோயில் திருவிழா வந்தது. என்னையும் கூட்டிப் போவதென்று முடிவு செய்தார்கள். கார் பெரட்டுக் களத்தில் நின்றது. காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கிற இடம் அது. தோட்டமே கூடுகிற இடம். அன்றைக்கும் கூட்டம்தான். கங்காணிமார், கணக்கப்பிள்ளை ஐயா எல்லாரும் நின்றார்கள்.

என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், என் தங்கச்சி புருசன் மைக்கல் ஒரு பக்கம் பிடித்து, என்னைச் சாக்கு மூட்டை மாதிரித் தூக்கினார்கள். மடங்காத கால் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனது. சேலை ஒதுங்கியது. ஒரு செருப்பு கழன்று எங்கேயோ பறந்தது. அந்த நேரத்தில் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. ஒரே ஒரு ஆளுடைய சிரிப்பு. சட்டென்று வெடித்து, சட்டென்று நின்றது.

அந்தச் சிரிப்பு யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பிறகு நான் காரில் ஏறவில்லை. அடுத்த திருவிழா வந்தது, போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்ன நாளிலும் போகவில்லை. கேட்டால் வலிக்கிறது என்பேன். லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளேயே இருந்தேன், தண்ணீர்ப் பீலி வரைக்கும் நடப்பேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் அப்படித்தான்.

சவரிக்குத் தேதி வந்தது

அது பாணுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற காலம். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கிடைக்காது. அதே காலத்தில்தான் தோட்டத்தில் ஆள் ஆளாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு இந்த லயத்தில் ஒரு காம்பரா பூட்டியிருக்கும், நாளைக்கு அந்த லயத்தில். பதுளைக்குப் போய் ரயில் கோச்சி ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து கப்பல்.

என் தங்கச்சி சவரியம்மாவுக்கும் பாஸ்போர்ட் வந்து, தேதியும் வந்துவிட்டது. எங்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை, அவர்களுக்கு அந்த நாட்டுது. ஒரு தாய் பிள்ளைகள்தான். மனுப் போட்ட இடம் வேறு, வந்த பதில் வேறு.

சவரி எனக்கு அடுத்த காம்பராவில் இருந்தாள். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரும் கூரை வரை போகாது. இங்கே மிளகாய் வறுத்தால் அங்கே தும்முவார்கள். அவ்வளவு பக்கத்தில் இருந்தும், நாங்கள் இரண்டு பேரும் தனியாக ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது. லயத்தில் யாரும் யாரோடும் தனியாகப் பேச முடியாது. பேசினால் ஆறு காம்பராவுக்கும் கேட்கும்.

தேதி வந்த அன்றைக்கு அவள் என் வாசலில் வந்து நின்றாள்.

"டேசனுக்கு வருவ தானே அக்கா?"

"இங்கயே சொல்லிக்கிறேன். ஒனக்குத்தான் தெரியுமே, என் காலு."

அவள் திரும்பிப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"காரு எவ்ளோ எறங்குனா நீ யாரும் தூக்காம ஏறுவ?"

ஒரு வருசமாக அவர் கேட்காத கேள்வி. அன்றைக்கு நான் மழுப்பவில்லை.

"பாத்துச் சொல்றேங்க" என்றேன்.

மட்டக்கம்பு

கொழுந்து எடுக்கிற பெண்களிடம் ஒரு கம்பு இருக்கும். மட்டக்கம்பு என்போம். அதைச் செடியின் தலைக்கு மேல் குறுக்கே வைத்து, கம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொழுந்தைத்தான் கிள்ள வேண்டும். அப்படி எடுத்தால்தான் தேயிலை மேசை போலச் சமமாக நிற்கும். ஆகவே உயரம் பார்ப்பது எங்களுக்குப் புது வேலையில்லை. அரை விரல் கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுப்படியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் நான் யாருடைய கையும் இல்லாமல் உட்காருவேன், எழும்புவேன். என் மட்டக்கம்பை அதன் பக்கத்தில் நட்டமாக நிறுத்தி, பெட்டியின் விளிம்பு வருகிற இடத்தில் வெள்ளை நூல் கட்டினேன். பிறகு கம்பைக் காருக்குக் கொண்டுபோய் முன்சீட்டின் விளிம்போடு வைத்துப் பார்த்தேன். நூலுக்கு மேலே மூன்று விரல் நின்றது.

"மூணு விரலுங்க" என்றேன்.

"மூணு விரல்னா ரெண்டு இஞ்சுக்கு மேல வருமே" என்று தலையைச் சொறிந்தார். "சரி, ஒரு பயணத்துக்குத்தானே. பெறகு பழையபடி ஏத்திக்குவோம்."

அப்படித்தான் நாங்கள் பதுளைக்குக் காதர் நானாவிடம் போனோம். போகும்போது என் வீட்டுக்காரரே ஒரு ஆளாக என்னைத் தூக்கி வைத்தார். விடியற்காலை. பார்க்க ஒருவரும் இல்லை.

கட்டையா, பெலன் இல்லாததா?

பின்பக்கம் சுலபமாக முடிந்தது. கூடுதலாகச் சேர்த்திருந்த இரண்டு பட்டைகளைக் கழற்றியதும் தானாக இறங்கிவிட்டது. முன்பக்கச் சுருள்தான் பிரச்சினை.

"இருக்கிறதயே ஒரு சுத்து வெட்டிருவமா நானா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"வெட்டலாம். நெருப்பு வெச்சு வெட்டினா ஸ்பிரிங் செத்துப் போகும். அரம் போட்டு வெட்டினா பெறகு அத ஒட்டேலாது. திரும்ப ஏத்துறதுண்டா என்னத்த ஏத்துவீங்க? வேற சோடி பாப்பம்."

குவியலில் இருந்து இரண்டு சோடி எடுத்து வைத்தார். ஒரு சோடி கட்டை. ஆனால் கம்பி தடிப்பு. இன்னொரு சோடி நீளம் கூட, கம்பி மெல்லிசு. ஒவ்வொரு சோடியிலும் ஒன்றை எடுத்து நிலத்தில் நிறுத்தி, மேலே ஒரு பலகையை வைத்தார். பலகை மெல்லிசுப் பக்கம் உயர்ந்து, கட்டைப் பக்கம் சரிந்து நின்றது. கடையில் வேலை செய்த ஒரு தடித்த ஆளைக் கூப்பிட்டு அதன் நடுவில் ஏறி நிற்கச் சொன்னார். மெல்லிசு அமுங்கியது. பலகை ஏறக்குறையச் சமமாக வந்தது.

"பாத்தீங்களா?" என்றார் நானா. "கட்டையா இருந்தும் எறங்கலாம், பெலன் இல்லாமலும் எறங்கலாம். இப்ப ரெண்டும் ஒரே உசரம். இன்னும் ஆள் ஏறினாத்தான் யாரு எப்பிடிண்டு தெரியும்."

முதலில் கட்டைச் சோடியைப் பூட்டினார்கள். நான் கம்பை வைத்துப் பார்த்தேன். நூலுக்குச் சரியாக வந்தது. ஏறி உட்கார்ந்தேன். நானாகவே உட்கார்ந்தேன். ஆற்று ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். ஒவ்வொரு கல்லும் என் முழங்காலில் வந்து இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அதைக் கழற்றி மெல்லிசுச் சோடியைப் பூட்டினார்கள். அதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. திரும்பக் கம்பு, திரும்ப நூல். சரியாக இருந்தது. இந்தத் தடவை கார் தூளி மாதிரி போனது. கல் இருந்ததே தெரியவில்லை.

"எப்பிடித் தங்கச்சி? எது வேணும்?" என்று நானா என்னிடமே கேட்டார். சாமானைப் பற்றி என்னிடம் ஒரு ஆம்பிளை கேட்டது அதுதான் முதல் தடவை.

"இதுவே போதுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

நானா என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "எத்தின பேர் போவீங்க?"

"நானும் இவளும் போவோம். வரும்போதும் அப்பிடித்தான்."

"தோட்டத்துலருந்து? ரெண்டு பேர்? ஒரு கார்ல?" நானா விழுந்து விழுந்து சிரித்தார். "எண்ட வயசுக்கு இப்பத்தான் கேள்விப்படுறன்."

"நெசமாத்தான் நானா. போறவங்களுக்கு லொறி இருக்கு. தோட்டத்துல குடுக்குறாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நாங்கள் நினைத்திருந்தோம். பிறந்தது முதல் தோட்டத்தில் இருந்துவிட்டு எப்படி அப்படி நினைத்தோம் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

ஒன்பது பேர்

சவரி போகிற அன்று காலையில் லொறி வந்தது. தகரப் பெட்டி, பாய், அம்மி, பாத்திரக் கோணி என்று நாலு குடும்பத்துச் சாமான் ஏறியது. அதன்மேல் மைக்கலும் மற்ற ஆம்பிளைகளும் ஏறினார்கள். லொறி நிறைந்து போனது. மழை வரும் போலிருந்ததால் அது முன்னாலேயே புறப்பட்டுவிட்டது.

நான் பெரட்டுக் களத்துக்குக் கம்பை ஊன்றி நடந்து போனேன். கார் கதவைத் திறந்து, பின்பக்கமாகப் போய், உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தேன். யாரும் தொடவில்லை. லயத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"லூர்தக்கா ஏறிட்டாக!" என்று யாரோ கத்தினார்கள்.

அதைத் திறப்பு விழா என்று நினைத்தார்களோ என்னவோ, பின்கதவு இரண்டும் திறந்தது. சவரி வந்தாள், அது சரி. அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் வந்தார்கள், அதுவும் சரி. பிறகு அவள் மாமியார். பிறகு அடுத்த லயத்துப் பாக்கியம் அக்கா. பாக்கியம் அக்காவின் மகள், அவளுடைய கைக்குழந்தை. பிறகு எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மருத்துவம் பார்த்த அருளாயிக் கிழவி.

போகிறவர்களை வழியனுப்ப வருகிறவர்களை வராதே என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு வராதே என்றாலும் பொறுத்துக்கொள்வார்கள், இதற்குச் சொன்னால் ஏழு தலைமுறைக்கும் பேசமாட்டார்கள். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சேர்க்காமல் எண்ணினால் கைக்குழந்தையோடு ஒன்பது உருப்படி.

கார் மெதுவாகத் தணிந்துகொண்டே போனது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே நிலம் கிட்ட வருவது தெரிந்தது.

"அந்தோனி, காரு என்னாடா ஒக்காருது?" என்றாள் அருளாயிக் கிழவி.

"ஒங்கள மாதிரிப் பெரிய மனுசி ஏறுனா மரியாத குடுக்க வேணாமா ஆத்தா?"

கார் புறப்பட்டு முதல் கானில் இறங்கியது. அடியில் 'மடார்' என்று ஒரு சத்தம். மாமியார் "ஏசுவே" என்றாள். குழந்தை அழுதது. என் வீட்டுக்காரர் இறங்கி, தரையில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"எண்ணெய்ச் சட்டி தட்டுது. இன்னும் ஒரு தடவ இப்பிடி அடிச்சா ஒடஞ்சிரும். ஒடஞ்சா இங்கயே நிக்க வேண்டியதுதான்."

பெரிய ரோட்டுக்கு இன்னும் பதினொரு கான் இருந்தது. கோச்சி யாருக்காகவும் நிற்காது. அன்றைக்கு ஏறாவிட்டால் தலைமன்னாரில் கப்பலும் போய்விடும். சவரியின் கை என் தோளில் இருந்தது.

பெலனில்லாத ஸ்பிரிங்கைப் போதும் என்று சொன்னது நான்தான். அது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும் என்றாலும், எல்லாரும் என்னைப் பார்ப்பது போலிருந்தது.

"எறங்கி நடங்க" என்றார் என் வீட்டுக்காரர். "கீழ ரோட்டுல வந்து ஏறிக்கங்க."

"இதென்னாடா கூத்து!" என்றாள் பாக்கியம் அக்கா. "நாங்க காரக் கூட்டிட்டுப் போறமா, காரு எங்களக் கூட்டிட்டுப் போகுதா?"

"நடந்தா பசிக்கும் அக்கா. டேசன்ல வட வாங்கித் தாறேன்."

முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஆள் இறங்க இறங்கக் கார் நிமிர்ந்தது. நானும் கதவைத் திறந்தேன். என்னால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, ஆனாலும் எல்லாரும் நடக்க நான் மட்டும் துரைசாணி மாதிரிக் காரில் போவதா?

சவரி பின்சீட்டிலிருந்து கையை நீட்டி என் கதவைச் சாத்தினாள்.

"நீ சும்மா இரு. நானும் இருக்கேன். ரெண்டு பேரப் பொறுக்கும்."

பதினொரு கான்

எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் பெண்கள் நடந்தார்கள். நடுவில் கார் நடை வேகத்தில் போனது. பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தேர் போவது போல இருந்திருக்கும்.

சவரி பின்னால், நான் முன்னால். அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. முதல் இரண்டு கான் வரை கோழிகளை யாருக்குக் கொடுத்தாள், உலக்கையை யார் கேட்டார்கள் என்று பேசினாள். மூன்றாவது கானைத் தாண்டியதும் குரல் மாறியது.

"அக்கா."

"ம்."

"அன்னைக்கிப் பெரட்டுக் களத்துல ஒன்னயத் தூக்குனாங்கல்ல. அப்ப சிரிச்சது நாந்தான்."

என் வீட்டுக்காரர் காது கேட்காதவர் மாதிரி ரோட்டைப் பார்த்தார்.

"தெரியும்" என்றேன்.

"தெரியுமா?"

"ஒன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?"

"பெறகு ஏன் ஒரு வார்த்த கேக்கல? ஒரு வருசமா நீ வெளிய வரல. என்னாலதான்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன். சொல்லணும்னு வருவேன். செவத்துக்கு அந்தப் பக்கம் அம்புட்டுப் பேரும் காதத் தீட்டிக்கிட்டு இருப்பாக. திரும்பிப் போயிருவேன்."

"என்னத்தக் கேக்கறது? கூடப் பொறந்தவ சிரிச்சான்னு ஊருக்குச் சொல்லவா?"

பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு,

"ஒன்னயப் பாத்துச் சிரிக்கல அக்கா."

"பெறகு?"

"ஒன் செருப்பு எங்க விழுந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாதுல்ல?"

உண்மையில் எனக்குத் தெரியாது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அந்தச் செருப்பு என் காம்பரா வாசலில் கிடந்தது. யார் கொண்டுவந்து போட்டது என்றும் கேட்டதில்லை.

"கணக்கப்பிள்ள ஐயா தொப்பி மேல" என்றாள். "அவருக்குத் தெரியல. அது பாட்டுக்கு மேல ஒக்காந்திருக்கு. அவரு ரெண்டு கையயும் பின்னால கட்டிக்கிட்டு, 'என்னா கூட்டம், என்னா கூட்டம்'னு சத்தம் போட்டுக்கிட்டு, செருப்போட நடக்குறாரு. ஒருத்தன் வாயத் தொறக்கல. அம்புட்டுப் பேரும் நெலத்தப் பாக்குறான். நான் என்னா செய்ய? அடக்கி அடக்கிப் பாத்தேன், வெடிச்சிருச்சு."

ஒரு வருசமாக நான் வீட்டுக்குள் இருந்தேன். ஒரு வருசம்.

அழுகைதான் வரும் என்று முதலில் நினைத்தேன். வந்தது சிரிப்பு. அந்தக் கணக்கப்பிள்ளை ஐயா எங்கள் கூடையில் ஒரு முற்றல் இலை கண்டாலும் அரைப்பெயர் போட்டு அரை நாள் சம்பளத்தை வெட்டுகிறவர். அவர் தலையில் என் ரப்பர் செருப்பு! நான் சிரிக்க, சவரி பின்னால் சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். மெல்லிசு ஸ்பிரிங் அல்லவா, கார் மேலும் கீழும் ஆடியது.

"அடியேய், ரெண்டு பேரும் சும்மா இருங்கடி" என்றார் என் வீட்டுக்காரர். "நீங்க சிரிக்கிற சிரிப்புல கான் இல்லாமலே சட்டி ஒடஞ்சிரும்." சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். "அந்தச் செருப்பக் கொண்டாந்து வாசல்ல போட்டது நாந்தான். இவள ஏத்தி வெச்ச பெறகு, அது தொப்பியிலருந்து வழுக்கி விழுந்தப்ப கால்ல மிதிச்சு மறச்சு வெச்சிருந்தேன்."

முன்னால் நடந்த அருளாயிக் கிழவி திரும்பிப் பார்த்தாள். "ஊர விட்டுப் போற அன்னைக்கு என்னாடி சிரிப்பு?" என்று திட்டினாள். அதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்தோம்.

மீதிக் கான்களையெல்லாம் நான் எண்ணவில்லை.

டேசன்

பெரிய ரோட்டில் எல்லாரும் திரும்ப ஏறினார்கள். தார் ரோடாக இருந்ததால் அடி இடிக்கவில்லை. வளைவுகளில்தான் கார் ஒரு பக்கமாகப் படுத்து எழும்பியது. பாக்கியம் அக்காவின் மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.

பதுளை டேசனில் கால் வைக்க இடமில்லை. நாலைந்து தோட்டத்து ஆட்கள். ஒப்பாரிச் சத்தம் ரோட்டுக்கே கேட்டது. லொறியில் வந்த மைக்கல் எங்களைத் தேடிக்கொண்டு வெளியே நின்றான். மணி அடிக்க அதிக நேரமில்லை. காரைக் கண்டதும் ஓடி வந்து, பழக்கத்தில், என்னைத் தூக்கக் கையை நீட்டினான்.

சவரி அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "கைய எடுங்க. அக்கா வரும்."

நான் காலை வெளியே வைத்தேன். கம்பை ஊன்றினேன். கதவைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். அவ்வளவுதான். டேசன் வாசலில் இருந்த ஜனம் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் கவலை.

மேடையில் சவரியோடு பேச எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. பேச வேண்டியதை எல்லாம் பேசி முடித்தவர்கள் அங்கே நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்திருப்போம். மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் அவளைப் பார்த்து அழுதார்கள். கோச்சி நகர்ந்தபோது சவரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"செருப்ப இறுக்கி மாட்டு அக்கா!" என்று கத்தினாள்.

பிறகு அவளை நான் பார்க்கவில்லை. கடிதம் வந்தது. கொஞ்ச வருசம் வந்தது, பிறகு நின்றது. அவர்களைக் கொண்டுபோய் விட்ட ஊர், வேலை, வெயில் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். அவை இன்னும் என்னிடம் இருக்கின்றன.

அடுத்த நாள்

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் ஹயருக்குப் போகவில்லை. காருக்கு அடியில் சாக்கு விரித்து, பழைய தடித்த ஸ்பிரிங்குகளையும் கழற்றிய பட்டைகளையும் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். சொன்னது சொன்னபடி ஒரு பயணம் முடிந்துவிட்டதே. அந்தக் கோலத்தில் தோட்டத்து ரோட்டில் ஹயர் ஓட்டவும் முடியாது. பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன.

நான் வாசலிலிருந்து மெதுவாக நடந்து போய்க் கார் பக்கத்தில் நின்றேன்.

"என்னாங்க."

"என்னா?"

"இன்னைக்கி மாத்த வேணாம்."

"ஏன்? நாளைக்கி மடுல்சீமைப் பக்கம் ஒரு ஹயர் வருது."

"அதுக்கு வேற காரு போகட்டும். ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிட்டு வந்து மாத்துங்க."

அவர் ஊர்ந்து வெளியே வந்து, சாக்கில் உட்கார்ந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் எண்ணெய்க் கறை.

"நெசமாவா?"

"ம்."

அவர் ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டார். எழும்பி, சாக்கை உதறிச் சுருட்டினார்.